ஒற்றை வேம்பு

கரிசல்காட்டின் நடுவே இருந்த அந்தச் சின்ன ஊருக்கு ஒரே ஒரு வேம்புதான். பெண்டாட்டியோடும் சட்டிபானை மூட்டையோடும் ஒருவன் வந்து அதன் நிழலில் உட்கார்ந்தான். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை.

"எந்த ஊருக்குப் போகணும்?" என்றார் பெத்துராசு.

"எங்கயும் போகல. சும்மா நிழலுக்கு உக்காந்தோம்."

பெத்துராசு வீட்டுக்குப் போய்க் கோடாலியை எடுத்தார்.

"இருக்கிறது ஒத்த மரம். அதையுமா வெட்டுவீக?" என்று அவர் மனைவி பொம்மக்கா மறித்தாள்.

"எங்க தாத்தனும் நிழலுக்குன்னுதான்டி வந்து உக்காந்தான். அன்னைக்கு இந்த ஊர்ல இருந்தவுக இப்ப எங்க?"

வந்தவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மரம் சாய்ந்தது. வந்தவள் வெயிலிலேயே மூன்று கல்லைக் கூட்டி, வேப்பங்கொப்புகளை ஒடித்து அடுப்பில் செருகினாள். பச்சை விறகின் புகை ஊருக்குள் நுழைந்தது.