முப்பத்தேழாம் சுருள்

இருநூறு வகை உளுந்தையும் ஈரத்தாளில் தனித்தனியே சுருட்டி, மை கரைந்துவிடுமென்று பென்சிலால் எண் போட்டு, நாற்பத்தைந்து டிகிரி வெப்பப் பெட்டிக்குள் வைப்பாள் ஆய்வாளர் ஹெப்சிபா. ஒப்பிட்டுப் பார்க்க, அதே விதைகளில் இன்னொரு வரிசையை அறையிலேயே மேசைமேல் வைப்பது வழக்கம். மேசைமேல் இருந்தவை ஒவ்வொரு முறையும் முளைத்தன; பெட்டிக்குள் இருந்தவை அழுகின. முப்பத்தேழாம் எண் மட்டும் தலைகீழ். மேசைமேல் கூழாங்கல்லாகக் கிடக்கும். இரண்டு நாள் இரவும் பகலும் பெட்டியின் சூடு இறங்காமல் இருந்தால்தான் முளைவிடும். எந்த மரபணு அதைச் செய்கிறது என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள். “இது சூட்டத் தாங்கிக்கிட்டு இல்லக்கா, சூட்டுக்காகக் காத்துக்கிட்டிருக்கு” என்று தாள் நனைத்துத் தரும் பவுனம்பாளிடம் ஒருநாள் சொன்னபோது இருவருக்கும் சிரிப்புதான் வந்தது. இன்று திங்கட்கிழமை. இரண்டு நாள் விடுமுறை முடிந்து கதவைத் திறந்ததும் அழுகல் நாற்றம் முகத்தில் அடித்தது. வெள்ளியன்று மேசைமேல் வைத்த சுருள்களைப் பவுனம்பாள் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எல்லாம் கொழகொழவென்றிருந்தன. முப்பத்தேழில் மட்டும் வெள்ளை வேர்கள் நீண்டிருந்தன. “பெட்டிக்குள்ள இருந்தத மாத்தி வச்சிட்டீங்களாக்கா?” ஹெப்சிபாவின் குரல் கெஞ்சியது. “பெட்டிய நான் தொறக்கவே இல்லம்மா.” பவுனம்பாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். “மாசிகூட முடியல. ரெண்டு ராத்திரியா வெக்கையில எம்புள்ளைங்க பொட்டுத் தூக்கம் தூங்கல.” சுவரில் வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்தது. இருவரும் அதற்கு முதுகைக் காட்டியே நின்றார்கள்.