ஒரு முழம் தள்ளி விழுந்த போர்டு

“சோத்துத் தட்டை வீசினதை மறந்துடாதீங்க. அதுதான் முக்கியம்” என்று கோர்ட் வராந்தாவில் வைத்துக் கணவருக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தாள் மனைவி.

தெருவில் அவருக்கு ‘சாது’ என்று பேர். வாசலுக்கு வெளியே அவர் குரல் உயர்ந்து ஒருவரும் கேட்டதில்லை. இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பக்கத்து வீட்டுக்காரிகள் இவளிடமே வந்து அங்கலாய்ப்பார்கள்.

அப்பேர்ப்பட்ட சாது நடந்து போகையில், ஒரு முழம் தள்ளிச் செருப்புக்கடை போர்டு விழுந்தது. அவர் மேல் ஒரு கீறல்கூட இல்லை. அதனால் என்ன? அந்த அதிர்ச்சியில் மனசு கெட்டுப்போச்சு, தொட்டதற்கெல்லாம் கோபம் வருது, நஷ்டஈடு கொடு என்று கடைக்காரர் மேல் வழக்குப் போட்டுவிட்டார்.

கோபம் வருகிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அது போர்டால்தான் வந்தது என்று நிரூபிக்கணும் என்றார் அவருடைய வக்கீல். முன்னால் ஆள் எப்படி என்று வீட்டுக்காரம்மா வந்து சொன்னால் நல்லது.

வீட்டுக்காரம்மா உடனே தலையாட்டினாள். ஒரு வாரமாக உட்கார்ந்து அவருக்குப் பாடம் ஒப்பிக்க வைத்ததும் அவள்தான். கூண்டில் நின்று சொல்வதையெல்லாம் அப்படியே எழுதிக்கொள்வார்களா என்று மட்டும் வக்கீலிடம் இரண்டு தரம் கேட்டுக்கொண்டாள்.

குடும்ப நீதிமன்றம் அதே கட்டடத்தில், மாடியில். படியேறிப் போன ஒரு ஜோடியைப் பார்த்து சாது உச்சுக்கொட்டினார். “வீட்டு விஷயம் சந்தி சிரிக்குது பாரு.”

கூண்டில் ஏறியவர் வெளுத்து வாங்கினார். தட்டை வீசுவாராம். மனைவி தன் அம்மாவோடு பேசினால் போனைப் பிடுங்கி உடைப்பாராம். அவளைக் குளியலறையில் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போடுவாராம். தட்டச்சு செய்த பெண்ணே ஒரு கணம் கையை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அடுத்து மனைவி. கடைக்காரரின் வக்கீல் எழுந்தார்.

“உங்க வீட்டுக்காரர் சொன்னதெல்லாம் உண்மையாம்மா?”

“ஒரு எழுத்துகூடப் பொய் இல்லைங்க.”

சாது பூரித்துப்போனார்.

“எப்பலேருந்து இப்படி?”

“கல்யாணமான மறுவாரத்துலேருந்துங்க.”

வழக்கு அங்கேயே படுத்துவிட்டது.

வராந்தாவுக்கு வந்ததும் சாது பல்லைக் கடித்தார். நாலு பேர் நின்றதால் குரல் மட்டும் தாழ்ந்தே இருந்தது.

“போர்டு விழுந்தப்புறம்தான்னு சொல்ல உனக்கு வாய் வரலையா? கேஸே போச்சேடி. நட வீட்டுக்கு.”

அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாடிப்படியில் காலை வைத்தாள்.

“நீங்க போங்க. மேல ஒரு கேஸ் போடணும், இத்தனை வருஷமா சாட்சிதான் கிடைக்கலை.”