நாலு பேர் இருந்தால் நெட்

பல்கலைக்கழக மகளிர் விடுதியில் அந்த ஆண்டு புது விதி வந்தது. ஓர் அறையில் நான்கு பேராவது சேர்ந்து உட்கார்ந்தால்தான் அங்கே நெட் திறக்கும். தனியாக இருப்பவளுக்குப் பாடம் மட்டும் வரும். வேறு எந்த சிக்னலும் வளாகத்துக்குள் எட்டாது.

கூச்ச சுபாவக்காரியான செவ்வந்திக்கு அதுவே போதுமாக இருந்தது. யாரோடும் பேசாமலே ஒரு மாதத்தை ஓட்டிவிட்டாள். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவளுடைய அம்மா மாவட்டக் கபடி இறுதிப் போட்டியில் ஆடப் போகிறாள், அதுவும் நாற்பத்தாறு வயதில்.

செவ்வந்தி எதிர் அறைக் கதவு வரை போய்ப் போய்த் திரும்பினாள். கடைசியில் தட்டியேவிட்டாள்.

"அக்கா, எங்கம்மா கபடி ஆடுதாங்க. பாக்கணும். ஆளு பத்தல."

கதவைத் திறந்த பர்வீன் விழித்தாள். "உங்கம்மாவா? கபடியா?" என்றவள் தாழ்வாரத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஏய், எல்லாரும் ஓடி வாங்கடி!"

அறை கொள்ளாமல் பெண்கள் வந்து குவிந்தார்கள். செவ்வந்தியின் மடிக்கணினியில் நெட் திறந்தது; மைதானத்திலிருந்து உறவுக்காரர் ஒருவர் வீடியோ அழைப்பில் ஆட்டத்தைக் காட்டினார். கடைசி ரெய்டில் அம்மா இருவரைத் தொட்டாள். மூன்றாமவள் காலைப் பிடித்துத் தொங்க, அவளையும் இழுத்துக்கொண்டே வந்து கோட்டைத் தொட்டாள். கூச்சலில் அறை அதிர்ந்தது. கட்டில் சட்டம் ஒன்று முறிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

புழுதி படிந்த முகத்தோடு அம்மா திரைக்குக் கிட்டே வந்தாள். "கோப்பை கெடக்கட்டும். யாருட்டி இத்தனை புள்ளைக?"

செவ்வந்திக்குப் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாது.

"எல்லாம் நம்ம புள்ளைகதாம்மா," என்றாள்.