மஹ்ஜூபாவின் மசக்கை

“யம்னா, மத்தி பொரிக்கிறியா? மசக்கைக்காரிக்கு ரெண்டு போடு. இல்லேன்னா பிள்ளை உடம்புல மீன் மாதிரி மச்சம் விழும்!”

முற்றத்தில் மஹ்ஜூபா தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“நாற்பத்தஞ்சு வயசுல மசக்கையாக்கா? உன் வயித்துல இருக்கறது பிள்ளையா, ரொட்டியா?” என்று யம்னா கேட்டாள். ஆனாலும் நாலு மத்தி வைத்தாள். கர்ப்பிணி கேட்டு இல்லையென்று சொல்ல, அந்த முற்றத்துக் குடித்தனக்காரர் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

மாடியறையில் ஹனியாவுக்கு எல்லாம் கேட்டது. அவளும் கர்ப்பிணிதான். புருஷன் மீன்பிடிக்கப் போகும் படகு ஸாபி துறைமுகத்தில் பழுதாகிக் கிடந்தது. வீட்டில் தேநீரும் காய்ந்த ரொட்டியும்தான்.

யாராவது தட்டு அனுப்பினால், “வயிறு நிறைஞ்சிருக்கு” என்று திருப்பிவிடுவாள். வந்த தட்டை வெறுமையாக அனுப்பக் கூடாதே. வைத்தனுப்ப அவளிடம் என்ன இருக்கிறது?

பசியைக்கூடத் தாங்கிவிடலாம். மனசுதான் இருண்டுபோயிருந்தது. இந்தப் பிள்ளை பிறந்து என்ன ஆகப்போகிறது என்று சுவரைப் பார்த்தபடியே கிடப்பாள். தொழுகைப் பாயை விரித்தே பல நாளாயிற்று.

மூச்சிரைக்க மாடியேறி வந்தாள் மஹ்ஜூபா.

“எழுந்திருடி. தனியாத் தின்னா குமட்டுது. கூட உட்காரு.”

வீடுவீடாக வாங்கித் தின்கிறாளே, வெட்கங்கெட்டவள்! ஹனியா மனசுக்குள் திட்டினாள். ஆனால் இது மஹ்ஜூபா தனக்கென்று வாங்கிவந்த தட்டு; எதையும் வைத்துத் திருப்பித் தர வேண்டியதில்லை. பிஸ்மில்லாஹ் சொல்லி ஒரு வாய் வைத்தாள்.

மறுநாள் பருப்பு. வெள்ளிக்கிழமை, கறியும் காயும் போட்ட கோதுமைரவை கூஸ்கூஸ்.

“கறியெல்லாம் உன் பக்கம், காரட் மட்டும் என் பக்கமா? கள்ளி!” என்று மஹ்ஜூபா சண்டைக்கு வந்தாள்.

ஹனியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நாளில் அவளே கேட்டாள்: “இன்னிக்கு உனக்கு என்னக்கா ஆசை?” அன்று சாயங்காலம், பழைய உடுப்பொன்றைப் பிரித்துப் பிள்ளைக்குச் சட்டை தைக்க உட்கார்ந்தாள்.

பெயர் வைக்கும் நாள். முற்றத்தில் குலவைச் சத்தம் அதிர்ந்தது. கொழுகொழுவென்ற மகளோடு ஹனியா இறங்கி வந்தாள்.

யம்னா விடவில்லை. “மஹ்ஜூபாக்கா, உனக்குத்தானே அத்தனை மசக்கை! தின்னதெல்லாம் எங்கே? பிள்ளை எங்கே?”

“அது வெறும் வாயுவாம்டி. மருத்துவச்சி சொல்லிட்டா!”

முற்றமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும் விடப் பலமாகச் சிரித்தவள் மஹ்ஜூபா.

ஹனியா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தட்டிலிருந்து மஹ்ஜூபா ஒருநாளும் இரண்டு வாய்க்கு மேல் தின்றதில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

எழுந்து போய், மகளை மஹ்ஜூபாவின் மடியில் கிடத்தினாள். தலைநிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

“இதோ அக்காவோட பிள்ளை! மசக்கைப்பட்டது அவங்க, பெத்தது மட்டும்தான் நான்.”