அன்னாள் வாசிக்காத கடிதம்

கார்கிலில் சண்டை தொடங்கி ஒரு மாதமாகியிருந்தது. எரியோட்டில், தபால்காரர் நீட்டிய கடிதத்தை வினோலியா ஓடிவந்து வாங்கினாள்.

“கொடு ஆத்தா, வாசிக்கிறேன்,” என்றாள் அவள் கணவனின் அக்கா அன்னாள். ராணுவத்திலிருந்து தம்பி எழுதும் கடிதங்களை எல்லாம் அவள்தான் வாசித்துக்காட்டுவாள்.

“வேணாம் மதினி.”

“அவன் எப்படி இருக்கான்னு தெரிய வேணாமா?”

வினோலியா கடிதத்தைப் பிரித்து, விரல் வைத்து எழுத்துக்கூட்டினாள். கண் கலங்கியது.

“சொகமா இருக்காக மதினி. அடியேதும் படலையாம்.”

அன்னாள் திகைத்தாள். “எப்ப ஆத்தா வாசிக்கக் கத்துக்கிட்ட?”

“சாயங்காலம் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு அறிவொளி வகுப்புக்குல்ல போனேன். போன மாசம் நானே அவுகளுக்குக் கடுதாசி போட்டேன். அதுக்குத்தான் இந்தப் பதில்.”

“வேற என்ன எழுதியிருக்கான்?”

வினோலியா சிரிப்பை அடக்க முடியாமல் கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

“நீங்க வாசிப்பீகன்னு இத்தனை நாளும் எழுதாம வச்சிருந்ததை மதினி.”