உள்ளேயிருந்து சிபாரிசு

“மூச்சை இழு. இன்னும் நல்லா இழு.”

“இழுத்தா உள்ள போற வயிறா அத்தை இது? ஏழு மாசம்.”

“அப்ப ஃபைலை இறக்கிப் பிடி. ஆங், இப்பத் தெரியல. நல்லாச் சாப்பிடுற பொண்ணுன்னு நினைச்சுப்பாங்க.”

மருமகளின் தொளதொளச் சட்டையைப் பின்னாலிருந்து இன்னும் கொஞ்சம் தளர்த்திவிட்டாள் மாமியார். தன் ஆயுளில் எந்த நேர்முகத் தேர்வுக்கும் போகாதவள், பஸ் ஏறியதிலிருந்து யோசனை சொல்லிக்கொண்டே வந்தாள்.

மகன் வேலை பார்த்த அச்சகத்தை இழுத்து மூடிவிட்டார்கள். மருமகள் ஏறி இறங்கிய கம்பெனிகளிலோ, சான்றிதழைப் பார்ப்பதற்கு முன் வயிற்றைப் பார்த்துவிட்டு, “சொல்லி அனுப்புறோம்” என்றார்கள். அதனால்தான் இன்றைக்கு இந்த ஃபைல் வித்தை.

வீட்டுச் சாமான்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி அது. புகாரோடு வருகிறவர்களைச் சமாளிக்க முன் மேசைக்கு ஓர் ஆள் தேவை. போன ஆள் அழுதுகொண்டே வேலையை விட்டதாக வாசலில் காவலாளி சொன்னார்.

மேலாளர் அறைக்கு ஒரு பக்கம் சுவருக்குப் பதில் கண்ணாடி. மாமியாரை வெளியே உட்காரவைத்துவிட்டு, கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள் மருமகள். ஃபைல் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“கோவமா வர்றவங்களை எப்படிச் சமாளிப்பீங்க?”

“பேசி முடிக்கட்டும்னு விட்டுடுவேன் சார். பாதிக் கோவம் அதுலயே போயிடும்.”

மேலாளருக்குப் பதில் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்து ஃபைல் துள்ளியது. அவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஃபைல் மறுபடியும் துள்ளியது.

“என்னம்மா அது?”

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. “உள்ளேயிருந்து சிபாரிசு சார்.”

வந்த சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார் மேலாளர். “எப்ப டெலிவரி?”

“ரெண்டு மாசத்துல.”

“அப்ப சேந்த கையோட லீவு கேப்பீங்க.”

“கேப்பேன் சார். ஆனா திரும்பி வந்துடுவேன்.”

வெளியே மேசையைக் குத்தும் சத்தம் கேட்டது. “எங்கய்யா உங்க மேனேஜர்? இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும்.”

மேலாளரின் முகம் தொங்கிப்போனது. “வாஷிங் மிஷின் வந்துட்டார்” என்று முனகினார்.

முன்பு வேலை பார்த்த இடத்தைப் பற்றி மருமகள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியே கூச்சல் ஏறியது, பிறகு சட்டென்று அடங்கிவிட்டது. மேலாளரின் பார்வை அவளைத் தாண்டிக் கண்ணாடிக்கே போய்ப் போய் வந்தது. வயிற்றைப் பார்க்க மனுஷன் கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

“நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா லீவு இடிக்குதே. முடியாதும்மா.”

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். மேலாளருக்கு முன்னால் அழக் கூடாது என்று வேகமாக வெளியே வந்தாள்.

அங்கே தாட்டியான ஒருவர் மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“மிஷினைப் போட்டா அது பாட்டுக்கு நடந்து ஹாலுக்கு வந்துடுதும்மா. கேட்டா, ஆடுறது சகஜம்ங்கிறாங்க.”

“ஆடலாம், அதுக்காக ஹாலுக்கு வரலாமா? உங்க பக்கம் நியாயம் இருக்கு. ஆள் அனுப்பச் சொல்லி நானே உள்ள பேசுறேன். நீங்க கத்தினா உங்க தொண்டைதான் கட்டும். மிஷினுக்குக் காதா இருக்கு?”

“சரிம்மா, போயிட்டு வர்றேன்” என்று கும்பிடாத குறையாக எழுந்து போனார் அவர்.

மாமியார் மருமகளின் முகத்தைப் பார்த்தாள். “என்னாச்சு?”

“வயித்தைப் பார்த்துட்டாங்க. லீவு கேப்பேனாம், வேண்டாங்கறாங்க.”

“இவரு மட்டும் வானத்துலேருந்து குதிச்சாராமா?” மாமியார் விருட்டென்று எழுந்தாள். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு மேலாளரே ஓடிவந்தார்.

“அம்மா, அந்த ஆள் இங்க உக்காந்து நான் பார்த்ததே இல்ல. சொல்லிட்டுப் போனதும் இன்னிக்குத்தான். இந்த வேலைக்கு நீங்க வர்றீங்களா? திங்கக்கிழமையே சேந்துக்கலாம்.”

மருமகளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மாமியாரின் முழங்கையை இடித்தாள்.

“சேருங்க அத்தை. வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்தாச் சரி.”

மாமியார் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு மேலாளரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சேர்றேன் தம்பி. ஆனா ரெண்டு மாசம் கழிச்சு எனக்குப் பிரசவ லீவு வேணும்.”