எண்ணி மூன்று சொட்டு

எண்ணி மூன்று சொட்டு. நான்காவது விழுந்தால் இளையவள் கண்டுபிடித்துவிடுவாள். மூத்தவள் பாட்டிலை நிமிர்த்தினாள். குளியலறைக் கதவைச் சாத்தினோமா என்று மறுபடியும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பாட்டில் அவளுடையது இல்லை, கொழுந்தன் மனைவியுடையது. ஒரே வீடு, ஒரே குளியலறை, ஆளுக்கொரு சின்ன அலமாரி. இளையவளுக்கு மருந்துக்கடையில் வேலை. மூன்று மாதத்துக்கு முன் இந்த நியாசினமைடு சீரத்தைக் கொண்டுவந்தவள், சும்மா இருந்தாளா? சாப்பாட்டு மேஜையில் வைத்து வீட்டுக்கே பாடம் எடுத்தாள்.

"தினமும் மூணு சொட்டு போதும். முகத்துல எண்ணெய் வழியறது குறையும், மங்கு கொஞ்சம் கொஞ்சமா மங்கலாகும். ஆனா ஒரே நாள்ல நடக்காது, ரெண்டு மூணு மாசம் விடாம போடணும். வெயில்ல போறவங்கன்னா மேல சன்ஸ்கிரீனும் கண்டிப்பா போடணும்."

மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. நாள் முழுக்க ஏசியில் நிற்கிறவளுக்கு எந்த வெயில், எந்த மங்கு? வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் பார்க்கிற வேலை இவளுக்கு. இரண்டாவது பிரசவத்தில் கன்னத்தில் விழுந்த மங்கு, வெயிலில் இன்னும் கறுத்துப்போய் உட்கார்ந்திருந்தது. இருக்கிறவளுக்குத்தான் எல்லாம் சேருகிறது!

போன வருடம் இளையவள் ஏதோ ஒரு கிரீமை நீட்டியபோது, "என் மூஞ்சில என்ன குறையக் கண்டுட்ட நீ?" என்று மூத்தவள் அதை ஜன்னல் வழியாக வீசியிருந்தாள். அதற்குப் பிறகு எப்படிப் போய்க் கேட்பது? மானம் என்று ஒன்று இருக்கிறதே.

அதையும் பொறுத்திருப்பாள். பெற்ற மகள் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்த வாரமே, மூன்று மாதம் தள்ளி வரப்போகும் பள்ளி ஆண்டு விழாவுக்கு யார் வருவது என்ற பேச்சு வந்தபோது, ஏழு வயதுக்காரி பட்டென்று சொல்லிவிட்டாள். "சித்தி வரட்டும்மா. சித்திதான் அழகா இருக்காங்க."

மறுநாளே திருட்டு ஆரம்பித்தது. மூன்று சொட்டு எடுப்பாள், பதிலுக்கு மூன்று சொட்டுத் தண்ணீர் விடுவாள். சீரம் நிற்கிற மட்டத்தில், ஒட்டியிருந்த காகிதத்தின் ஓரம் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு வைத்தாள். ரீடிங் எடுக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்ன? தினமும் காலையில் வந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் பார்ப்பாள். முந்தின நாள் விட்ட இடத்திலேயே, மயிரிழைகூட இறங்காமல் நிற்கும். தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொள்வாள்.

இன்றைக்கு ஆண்டு விழா. கண்ணாடியில் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மங்கு முழுசாகப் போகவில்லைதான். ஆனால் தேடினால்தான் தெரிகிறது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், வெளியே இளையவளின் சிரிப்புச் சத்தம் கேட்டது. இவ்வளவு செய்தும் அவள் முகம்தான் பளிச்சென்று இருக்கிறது! வேறு எதையோ ஒளித்து வைத்துப் பூசுகிறாள் கள்ளி, இதைச் சும்மா கண்துடைப்புக்கு வைத்திருக்கிறாள்.

அந்த எரிச்சலில் தாழ்ப்பாள் சரியாக விழாததைக் கவனிக்கவில்லை. கதவு திறந்தது. வாசலில் இளையவள்.

மூத்தவளின் ஒரு கையில் பாட்டில், இன்னொரு கையில் தண்ணீர்க் குவளை. கையும் களவுமாக மாட்டியாயிற்று. இனி வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? பயம் போன வேகத்தில் கோபம் வந்துவிட்டது.

"ஆமா, எடுத்தேன்! மூணு மாசமா எடுக்கறேன். போய் ஊரைக் கூட்டிச் சொல்லு. உன் மூஞ்சி மட்டும்தான் பளபளன்னு இருக்கணுமா? என் பொண்ணுக்கே நான் வேணாம், நீ வேணும்!"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உங்க பொண்ணு ஷூவைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறா. 'அம்மா வந்தாத்தான் கிளம்புவேன்'னு ஒரே அடம். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் இளையவள்.

பிறகு பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பென்சில் கோடும் சீரத்தின் மட்டமும் ஒன்றாக இருந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன்க்கா, தினமும் நூறு மீட்டர் பாக்கறீங்க. இதோட மட்டம் மூணு மாசமா இறங்கவே இல்லையே, உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா?"

"என்ன தோணணும்? அதான் நான் தண்ணி விட்டு ஈடு கட்டினேனே!"

"நீங்க எடுத்ததுக்கு நீங்க விட்டீங்க. நான் எடுத்திருந்தா?"

மூத்தவள் குவளையைக் கீழே வைத்தாள். இளையவள் பாட்டிலைத் துடைத்து, மூத்தவளின் அலமாரியில் வைத்தாள்.

"கையில குடுத்தா ஜன்னல் வழியா வீசிடுவீங்கன்னுதான்க்கா, என் அலமாரியில வெச்சேன்."